பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் நிறம் ஏன்?

இம்மலரில் ஆண்டுதோறும் திருவிழாக் குறிப்பும் சமயக் கட்டுரையுமாக எழுதி வந்த நான், இவ்வாண்டு பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலையைப் பற்றி எழுதுவது ஏன் என்று பக்தப் பெருமக்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அது நம் அறநிலையத்தின் நலப்பிரிவு அறையிலிருந்த ஓர் அலமாரியைப் பற்றியது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் பாடம்.

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர்க்குக் கீழாநெல்லிதான் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு வரும் காமாலை பெரும்பாலும் ஈரல் கெட்டதன் அறிகுறி. பிறந்த குழந்தைக்கு வருவது அப்படியன்று. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதத்தில் பிறந்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகத் தெரிகிறது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வருவதை நோய் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அதே மஞ்சள் ஒரு சிலருக்கு அளவு மீறி மூளையையே தாக்கிவிடுகிறது. இயல்பானதும் ஆபத்தானதும் ஒரே நிறத்தில் வந்து நிற்பதே இதிலுள்ள சிக்கல்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது? தாயின் கருவறையில் குழந்தை மூச்சு விடுவதில்லை. நச்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தம் கொடுக்கும் பிராணவாயுதான் அதற்குக் கிடைக்கிறது. அது மிகக் குறைவு. உயரமான மலையுச்சியில் வாழ்பவர்க்கு இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுதலாக இருப்பதுபோல், கருவிலுள்ள குழந்தைக்கும் சிவப்பணுக்கள் நெருக்கமாக இருக்கின்றன. பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நிலைமை மாறுகிறது. காற்று தாராளமாகக் கிடைக்கும்போது அத்தனை சிவப்பணுக்கள் எதற்கு? மேலும் பெரியவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். குழந்தையினுடையது 70 முதல் 90 நாள்தான். ஆகவே பழைய அணுக்கள் வேகமாக உடைகின்றன. அவற்றிலுள்ள சிவப்புப் பொருளான ஹீமோகுளோபினை உடல் பிரித்தெடுத்து, இரும்பைச் சேமித்துக்கொண்டு, எஞ்சியதை நிறப்பொருளாக மாற்றுகிறது. அந்த நிறப்பொருளின் பெயர் பிலிருபின். உடல் எடையோடு ஒப்பிட்டால், பச்சிளங்குழந்தை ஒரு நாளில் உண்டாக்கும் பிலிருபின் பெரியவர் உண்டாக்குவதைப்போல் இரு மடங்கு.

இதை வகுப்பில் விளக்க எளிய வழி ஒன்று உண்டு. முழங்கால் கன்றிப்போன மாணவனை எழுந்து நிற்கச் சொல்வேன். அடிபட்ட இடம் முதல் நாள் கருநீலம், சில நாள் கழித்துப் பச்சை, பிறகு மஞ்சள். தோலுக்கடியில் கசிந்த இரத்தம் சிதைவதை நம் கண்ணெதிரே காட்டும் பாடம் அது. இடையில் வரும் பச்சையின் பெயர் பிலிவெர்டின். பச்சைதான் முதலில், மஞ்சள் அதற்கு அடுத்த படி.

உண்டானதை வெளியேற்ற வேண்டுமே! பிலிருபின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. ஈரல் அதனுடன் சர்க்கரை போன்ற ஒரு பொருளைச் சேர்த்து நீரில் கரையும்படி மாற்றினால்தான் பித்தத்தோடு குடலுக்குச் சென்று மலத்தோடு போகும். இவ்வேலையைச் செய்யும் ஈரல் நொதி பிறந்த அன்று பெரியவர்களிடம் இருப்பதில் நூறில் ஒரு பங்கு அளவே இயங்குகிறது. கருவறையில் இருந்தவரை அதற்கு வேலை இல்லை. நச்சுக்கொடி வழியாகத் தாயின் ஈரலே குழந்தையின் கழிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. கொடியை அறுத்த நொடியிலிருந்து குழந்தை தன் காலில் நிற்க வேண்டும். நொதி முழு அளவை எட்ட மூன்று மாதங்கள் ஆகும்.

இன்னொரு தடையும் உண்டு. குடலுக்கு வந்து சேர்ந்த பிலிருபினும் அங்கேயே தங்கினால் மீண்டும் பிரிந்து இரத்தத்துக்குத் திரும்பிவிடும். பிறந்த குழந்தை முதலில் கழிக்கும் கரும்பச்சை மலத்தில், நம் பாட்டிமார் காட்டுப்பீ என்பார்களே அதில், இந்த நிறப்பொருள் நிறைந்திருக்கிறது. அது சீக்கிரம் வெளியேற வேண்டும். அதற்கு இயற்கை கொடுத்த பேதிமருந்துதான் சீம்பால். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் விளக்கெண்ணெயும் தொட்டு வைத்தார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் பால் குறைந்தால் மலம் குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் கூடும். தேன் வேறுவகையிலும் ஆபத்து. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. கீழாநெல்லிச் சாறும் வேண்டாம். தாய் பத்தியக் கறியில் மஞ்சள் சேர்ப்பதால் குழந்தை மஞ்சளாகிறது என்ற பேச்சை இன்றும் கேட்கிறேன். அதில் உண்மையில்லை. ஆனால் குழந்தையின் மேனியில் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினால் உள்ளிருந்து வரும் மஞ்சள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதற்காகவே முதல் இரண்டு வாரம் பூசாதிருப்பது நல்லது.

இனி என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி. பச்சை நிறப் பிலிவெர்டின் நீரில் எளிதில் கரையக்கூடியது. பறவைகள் அதை அப்படியே கழித்துவிடுகின்றன. அப்படியிருக்க, மனித உடல் ஏன் கூடுதலாகச் சக்தியைச் செலவழித்துப் பச்சையை மஞ்சளாக்கி, வெளியேற்றக் கடினமானதாகவும் அளவு மீறினால் நஞ்சாகவும் மாறும் ஒன்றை உண்டாக்குகிறது? வீட்டு வாசலில் கிடக்கும் குப்பையை நேரே தொட்டியில் போடாமல், வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டை கட்டி மறுபடி வெளியே எடுத்துச் செல்வது போலல்லவா இருக்கிறது!

இதற்கு இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. ஒன்று, கருவிலிருக்கும் குழந்தையின் கழிவு நச்சுக்கொடியைக் கடந்து தாயிடம் போக வேண்டும். நீரில் கரையும் பச்சைப் பொருள் அத்தடையை எளிதில் கடக்காது. எண்ணெயில் கரையும் மஞ்சள் கடக்கும். இரண்டாவது விடை இன்னும் சுவையானது. 1987ஆம் ஆண்டில் ரோலண்ட் ஸ்டாக்கர், புரூஸ் ஏம்ஸ் முதலிய அறிஞர்கள் 'சயன்ஸ்' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதுவரை வெறும் கழிவு என்று கருதப்பட்ட பிலிருபின், பிராணவாயுவால் உண்டாகும் சேதத்தைத் தடுக்கும் ஆற்றல் வாய்ந்தது என்று அவர்கள் சோதனைக் குழாயில் காட்டினர். வெட்டி வைத்த ஆப்பிள் கறுப்பதும் இரும்பு துருவேறுவதும் பிராணவாயுவின் வேலைதான். நம்மை வாழ வைக்கும் அதுவே நம்மை அரிக்கவும் செய்கிறது. கருவறையின் குறைந்த வாயுவில் ஒன்பது மாதம் இருந்த குழந்தை, ஒரே மூச்சில் பல மடங்கு வாயுவுக்குள் வந்து விழுகிறது. அதைத் தாங்கும் தற்காப்பு நொதிகள் அதற்கு இன்னும் முதிரவில்லை. அந்தச் சில நாள்களுக்கு மஞ்சள்தான் கவசமாக நிற்கிறதோ என்பது அறிஞர்களின் கருத்து.

இது கருத்துதான், முடிந்த முடிவன்று. நோக்கம் என்ற சொல்லை இயற்கை விஷயத்தில் ஆசிரியன் எச்சரிக்கையாகவே பயன்படுத்த வேண்டும். ஈரல் முதிரவில்லை என்பதே போதுமான காரணம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. எனினும் பரம்பரையாகவே இரத்தத்தில் பிலிருபின் சற்றுக் கூடுதலாக உள்ள பெரியவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2025இல் அதே 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பிலிருபினை உண்டாக்க முடியாதபடி செய்யப்பட்ட எலிகள் மலேரியாவைத் தாங்க முடியாமல் போவதையும், பிலிருபின் மலேரியாக் கிருமியையே தாக்குவதையும் கூறுகிறது. இதைப் படித்தபோது நம் முன்னோரை நினைத்துக்கொண்டேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டை அழித்து ரப்பர் நட்ட நம்மவர்கள் மலேரியாக் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மாண்டது இந்நாட்டு வரலாறு. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகாலிட்டுக் கொசுவை ஒழித்த பிறகுதான் தோட்டங்களில் மனிதர் வாழ முடிந்தது.

மலேரியாவைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜி-6-பி-டி குறைபாடு என்ற பெயரைக் குழந்தை பெற்ற பெற்றோர் பலரும் கேட்டிருப்பீர்கள். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. சிவப்பணுவைப் பாதுகாக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பதுதான் இக்குறைபாடு. மலேரியா மிகுந்திருந்த நாடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. அந்நோயிலிருந்து ஓரளவு காப்பதால் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது என்கிறார்கள். தாய் வழியாக வருவது. ஆண் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும். இங்கே சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதல், நம்மவரிடம் குறைவு. குறைவு என்பது இல்லை என்பதாகாது. இக்குறைபாடுள்ள குழந்தை சாதாரணமாகவே வளரும், படிக்கும், ஓடியாடும். சில பொருள்கள் மட்டும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. அவற்றுள் முதன்மையானது அந்துருண்டை. மலாயில் ஊபாட் கெகாட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, துணி அலமாரியில் போடும் அந்த வெள்ளை உருண்டை.

இப்போது நம் அலமாரிக்கு வருகிறேன்.

நம் நலப்பிரிவு பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய குழந்தைத் துணிகளைச் சேகரித்து, வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழங்கி வருவதை நன்கொடையாளர்கள் அறிவீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் நம் மக்கள் ஈப்போவின் சுற்றுப்புறத்துக்குக் குடிபெயர்ந்த காலத்தில் தொடங்கிய சேவை அது. துணி பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்தவன் நான்தான். மாதம் ஒரு பொட்டலம். கணக்குப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு, சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஜி-6-பி-டி குறைபாடு இருப்பதைத் தாதி தாயிடம் சொல்லி, புத்தகத்திலும் குறித்துக் கொடுத்தார். விலக்க வேண்டியவற்றின் பட்டியலும் கொடுத்தார். ஆனால் அந்தப் பட்டியலைப் பாட்டியிடம் யாரும் படித்துக் காட்டவில்லை. நாங்கள் கொடுத்த துணி மூட்டையை அன்று மாலையே அவிழ்த்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அதில் ஒரு துண்டால் சுற்றிப் படுக்க வைத்தார் பாட்டி. துவைக்கவில்லை, கோயிலிலிருந்து வந்த துணியல்லவா, சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைத்ததாகப் பின்னர் என்னிடம் சொன்னார். அந்துருண்டையின் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். எண்ணெய் தடவிய மேனியில் இன்னும் எளிதாகப் போகும். பாதுகாப்பு நொதியில்லாத சிவப்பணுக்கள் அதைத் தாங்காமல் உடையும். உடைந்தால் என்ன உண்டாகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்த சமூகத் தாதி குழந்தையின் பாதம் வரை மஞ்சளாயிருப்பதைக் கண்டார். முலையைப் பிடித்து உறிஞ்சாமல் குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. உடனே அரசாங்க மருத்துவமனைக்கு அனுப்பினார். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 22 மில்லிகிராம் பிலிருபின். கண்ணுக்கு மஞ்சள் தெரியத் தொடங்குவதே 5 மில்லிகிராமில்தான் என்பதை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். மருத்துவர்கள் நீல விளக்கின் கீழ்க் குழந்தையை வைத்துக்கொண்டே இரத்தமாற்றத்துக்கும் ஏற்பாடு செய்தனர். மூன்று கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான்; இரத்தமாற்றம் என்றால் அதைப்போல் இரு மடங்கு இரத்தத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, பழையதை எடுப்பது. அன்றிரவு அக்குடும்பத்தோடு மருத்துவமனை நடைவழியில் நானும் உட்கார்ந்திருந்தேன். மூட்டையின் வாடையைப் பற்றித் தாதி கேட்ட பிறகுதான் எனக்கே விளங்கியது. முப்பதாண்டுக் காலம் அறிவியல் பாடம் நடத்தியவன்!

விடியற்காலையில் அளவு இறங்கத் தொடங்கியது. இரத்தமாற்றம் தேவைப்படவில்லை. பின்னர்ச் செய்த செவிச் சோதனையும் சரியாக இருந்தது. செவிச் சோதனை ஏன் என்றால், அளவு மீறிய பிலிருபின் மூளைக்குள் புகுந்து, அங்கே அசைவைக் கட்டுப்படுத்தும் நரம்பு முடிச்சுகளையும் காது கேட்பதற்கான நரம்பு மையங்களையும் குறிவைத்து அழிக்கும். அழிந்தால் மீளாது. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வேலியோரம் ஒரு பையன் தினமும் வந்து நிற்பான். கை கால்கள் முறுக்கிக்கொண்டே இருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். புத்திக்கூர்மை கண்ணில் தெரியும். பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் பூத்துப் பால் குடிக்காமல் கிடந்தான், மந்திரித்தோம் என்று அவன் தாய் சொன்னது அப்போது எனக்கு வெறும் செய்தியாகத்தான் பட்டது.

நீல விளக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாநிலத்து ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தலைமைத் தாதி, குழந்தைகளைத் தோட்டத்து இளவெயிலில் காட்டுவது வழக்கம். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடலில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவும், வெயில் பட்ட இடம் வெளுத்தும் இருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். அதே மருத்துவமனையில் சன்னலோரம் மறந்து வைக்கப்பட்ட இரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருந்ததும் தெரியவந்தது. டாக்டர் கிரீமரும் குழுவினரும் விளக்குகளைக் கொண்டு கருவி செய்து, 1958இல் 'லான்செட்' இதழில் எழுதினர். ஒளி, குறிப்பாக நீல ஒளி, தோலிலுள்ள பிலிருபினின் வடிவத்தையே திருப்பி, ஈரலின் உதவியில்லாமல் வெளியேறும்படி செய்கிறது. ஒரு தாதியின் கண் கண்டது இன்று உலகமெங்கும் குழந்தைகளைக் காக்கிறது.

அப்படியானால் வீட்டு வாசலில் காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று நம் தாய்மார் கேட்பார்கள். போதாது. எவ்வளவு ஒளி பட்டது என்று அளக்க முடியாது. நம் நாட்டு வெயிலில் குழந்தைக்கு நீர் வற்றும், தோலும் கருகும். நம் சுகாதார அமைச்சின் வழிகாட்டியும் வேண்டாம் என்றே சொல்கிறது. அதைவிடப் பெரிய தீங்கு, வெயில் காட்டுகிறோமே என்ற நிம்மதியில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது.

எப்போது அஞ்ச வேண்டும்? பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது இயல்பானதன்று. தாய்க்கு ஓ பிரிவு இரத்தமும் குழந்தைக்கு ஏ அல்லது பி பிரிவும் அமைந்தாலோ, தாய் ரீசஸ் நெகட்டிவாக இருந்தாலோ இவ்வாறு நேரலாம். ரீசஸ் நெகட்டிவ் மற்ற இனத்தாரைவிட நம் இந்தியரிடம்தான் அதிகம், நூற்றுக்கு ஐவர் அளவில். கர்ப்பிணிகள் தங்கள் இரத்தப் பிரிவை அறிந்து வைத்திருக்க வேண்டும். மஞ்சள் முகத்தில் தொடங்கி வயிறு, கால் என இறங்கும். நம்முடைய மாநிறத் தோலில் எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியையோ மூக்கின் நுனியையோ விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும், ஈறையும் பார்க்கலாம். பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, கிறீச்சென்று அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ மறுநாள் தாதி வரட்டும் என்று காத்திராமல் அந்த இரவே புறப்பட வேண்டும். நல்லநேரம் பார்க்க வேண்டாம்; இதைக் கோயில் நிர்வாகத்தில் இருப்பவனே சொல்கிறேன். இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் நீடித்தால், தாய்ப்பால் காரணமாகவே அப்படி நீடிப்பது உண்டென்றாலும், ஒருமுறை காட்டிவிட வேண்டும். மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை இரண்டு மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறான். சென்ற தைப்பூசத்தில் தந்தையின் தோளில் உட்கார்ந்து பால்குடம் பார்த்தான்.

நலப்பிரிவுக்குத் துணி வழங்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்துருண்டை போட்ட பெட்டியில் வைத்திருந்த துணியாயின் எங்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்க மாட்டோம். மற்றவற்றைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள். இங்கும் இன்னொரு முறை துவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கிறோம். பழைய அலமாரி எவ்வளவு கழுவியும் வாடை போகாததால் அதைக் கோயில் பின்புறக் கிடங்குக்கு மாற்றி, திருவிழாத் தோரணங்கள் வைக்கப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு துணி மூட்டையோடும் விலக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் பெரிய எழுத்தில், தமிழில் இருக்கும். அதைப் பாட்டியிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் மூட்டையைக் கையில் கொடுக்கிறோம்.